ஒன்பது மாடுகளும் ஒரு லேண்ட்ரோவரும்

மரலால் ஊரில் ஓரிடத்தில் உட்காரத் தெரியாத ஜீவன்கள் இரண்டு. ஒன்று, சந்தைக் கூரைமேல் திரியும் குரங்கு. இன்னொன்று டிரைவர் லெதிவா. குரங்காவது மத்தியானத்தில் கொஞ்சம் கண்ணயரும்.

கடைக்காரர் நூரியேவின் பழைய லேண்ட்ரோவரை இருபத்திரண்டு வருஷம் மரலாலுக்கும் மலைக்குக் கீழே இருக்கும் பார்சலோய்க்கும் நடுவே ஓட்டியவன் லெதிவா. வழியில் வரும் ஓபிரோய் மலை இறக்கத்தில் எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை ஏற்ற வேண்டும் என்பது அவன் உள்ளங்காலுக்கே மனப்பாடம். நூரியேவுக்கு வயதாகிவிட்டது. வண்டியை விற்றுவிட்டு மகனோடு இசியோலோவுக்குப் போய்விட்டார். மூன்று மாதமாக லெதிவா வீட்டில் இருந்தான். இருந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. சாய் குடிக்கும்போது அவன் வலது கால் தரையை மிதிக்கும். பட்டிக்கு முள் வெட்டும்போது இடது கை காற்றில் கியர் தேடும். ஒரு நாள் மத்தியானம் தூக்கத்தில் பிரேக் அடித்து, பக்கத்தில் மணி கோத்துக்கொண்டிருந்த மனைவி நெமயானை உதைத்துவிட்டான்.

நெமயான் சிதறிய மணிகளையெல்லாம் பொறுக்கி முடித்தாள். பிறகு சொன்னாள். "என் வீட்டு மாட்டுல ஒன்பத வித்துக்கோங்க. போய் ஒரு வண்டி வாங்கிட்டு வாங்க. என் இடுப்பாவது மிஞ்சும்."

எங்கள் சம்புரு சனத்தில் மாடெல்லாம் புருஷன் பெயரில்தான் மேயும். ஆனால் ஒருத்தியின் வீட்டுக்கென்று ஒதுக்கிய மாடு, அவள் வாயைத் திறந்து சரி என்று சொல்லாமல் பட்டியைத் தாண்டாது. நெமயானுக்கு இருந்தது பதினாலு. ஒவ்வொன்றையும் அதன் தாய், பாட்டி வரைக்கும் சொல்லுவாள். அப்படிப்பட்டவள் ஒன்பதைக் கொடுக்கிறேன் என்றதும் லெதிவா துள்ளி எழுந்தான். அவள் விடவில்லை.

"இப்பவே சொல்லிடறேன். அந்த வண்டி என் வீட்டு மாடு. தோல் மாத்திக்கிட்டு வருது, அவ்வளவுதான். பெரிய மழை புடிக்கறதுக்குள்ள அது கறக்கணும். கறக்கலன்னா திரும்ப மாடாக்கிடுவேன். அப்புறம் கால்ல விழுந்தாலும் நடக்காது."

மாடுகளைச் சந்தையில் விற்ற சாயங்காலமே லெதிவா, பழைய வண்டிகள் விற்கும் நான்யுக்கிக்குக் கிளம்பிவிட்டான்.

எங்கள் ஊரில் வண்டி பார்ப்பதும் மாடு பார்ப்பதும் ஒன்றுதான். பல்லைப் பிடித்துப் பார்த்தால் போதாது. எந்தப் பட்டியில் வளர்ந்தது, யார் கையால் தண்ணீர் குடித்தது, என்ன நோயில் படுத்தது, எல்லாம் விசாரிக்க வேண்டும். நான்யுக்கியில் தரகர் காட்டிய முதல் வண்டி பச்சைப் பசேலென்று மின்னியது.

"டாக்டரோட வண்டி. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டும்தான் போச்சு" என்றார் தரகர்.

லெதிவா அடியில் படுத்து, ஒரு சின்னச் சுத்தியலால் சேசிஸைத் தட்டிக்கொண்டே போனான். கிண் கிண் என்று வந்த சத்தம் பின்சக்கரத்தருகே பொத்தென்றது. விரலால் அழுத்தினால் துரு அப்பளம்போல் உதிர்ந்தது.

"டாக்டரு எந்த ஊரு?"

"மொம்பாசா."

"சர்ச்சு கடலுக்குள்ளயா இருந்துச்சு?"

அடுத்த வண்டிக்குள் கம்ப்யூட்டர் இருந்தது. நடுக்காட்டில் அது கோபித்துக்கொண்டால் யார் சமாதானம் பேசுவது என்று அதையும் விட்டான். மூன்றாவதன் கியர்பாக்ஸ் எண்ணெயில் கருகல் வாடை. நாலாவதுக்கு அடிபட்டு முதுகு வளைந்திருந்தது. ஆறு நாளில் பதினோரு வண்டி பார்த்தான். தரகர்கள் அவனைக் கண்டாலே சாப்பிடப் போனார்கள்.

பன்னிரண்டாவது, டிமாவ் பக்கம் கோதுமைப் பண்ணை வைத்திருந்த கரீமி அம்மாவின் கொட்டகையில் கிடந்தது. முப்பது வருஷத்து நீள லேண்ட்ரோவர், செவலை நிறம், பின் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. லெதிவா முதலில் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சில்லென்றிருந்தது. வாங்க வருகிறவனுக்காக முன்கூட்டியே சூடேற்றி வைக்கவில்லை என்று திருப்தி. சாவியைத் திருப்பினான். ஒரு இருமல், கொஞ்சம் கரும்புகை, பிறகு சீராகப் பேச ஆரம்பித்தது. சின்ன கியரில் போட்டு மேட்டில் ஏற்றி, இறக்கத்தில் காலை எடுத்துப் பார்த்தான். கியர் நழுவவில்லை. கடைசியில் கரீமி அம்மாவையே ஓட்டச் சொல்லி, தான் பின்னால் நடந்தான்.

"ஏம்ப்பா சவ ஊர்வலம் மாதிரி பின்னாலயே வர்றே?"

"நேரா நடக்குதான்னு பாக்கறேம்மா. முதுகு கோணலா இருந்தா மாடு ஒருச்சாய்ச்சு நடக்கும்."

"இது மாடு இல்லப்பா."

"எங்க வீட்ல வந்து அப்படிச் சொல்லிப் பாருங்க, தெரியும்."

வண்டி நூல் பிடித்தாற்போல் போனது. கோழியை முட்டையோடு இறக்கிக் கொடுத்துவிட்டு அன்றே ஓட்டி வந்துவிட்டான்.

இதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. லெதிவாவுக்கு நிற்கத்தான் தெரியாதே.

துர்க்கானா ஏரிக்குப் போகும் வெள்ளைக்காரர்களின் வண்டிகள் மரலாலில்தான் டீசல் போடும். ஆளுயர டயர், ஆற்றுத் தண்ணீரிலும் இஞ்சின் மூச்சுவிட நெற்றிவரை ஏறிய மூச்சுக்குழாய், முன்னால் இழுவைக் கம்பி சுற்றிய விஞ்ச். இருபத்திரண்டு வருஷம் நூரியேவின் ஓட்டை வண்டியோடு அவற்றின் புழுதியைத் தின்றவன் அவன். அந்தப் பசி உள்ளே இருந்தது. மெக்கானிக் எகிருவின் பட்டறையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான். எகிரு துர்க்கானா இனத்து ஆள், வாய் நீளம், கை அதைவிட நேர்த்தி.

"அண்ணே, இது இப்படியே பார்சலோய் போகும். நாலு நல்ல டயரு, இஞ்சினுக்கு அடியில ஒரு இரும்புத் தகடு. கையக் கழுவிக்கிட்டு சோறு திங்கப் போலாம்."

"தூக்குடா."

"எவ்வளவு?"

"ஸ்பிரிங்ல அரைச்சாண். டயர்ல ஒரு நாலு விரல்."

"தூக்கினா பிரேக் ஓஸ் பத்தாது, நீளமா மாத்தணும். ஷாஃப்ட் கோணம் மாறும். மேல பாரம் ஏத்தினா ஆடும். அப்புறம் பின்னால இருக்கற படி?"

"அத வெட்டிடு. கல்லு ஏறும்போது பின்னால இடிக்கும்."

"ஏணி ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க" என்றான் எகிரு. லெதிவா சிரித்தான். சிரித்ததோடு சரி.

வேலை முடிந்து வண்டி வெளியே வந்த அன்று ஊரே கூடியது. செம்மண் பூசிய இளவட்டங்கள் அதில் சாய்ந்து நின்று, பக்கக் கண்ணாடியில் தலையலங்காரத்தைச் சரிபார்த்தார்கள். ஓபிரோய் இறக்கத்தில் பூனைபோல் இறங்கியது. மற்ற வண்டிகள் கல் அடுக்கி ஏறும் இடத்தில் இது சும்மா ஏறிப் போனது. குறை சொல்ல இடமில்லை.

குறை ஒன்றே ஒன்றுதான். வண்டியில் யாரும் ஏறவில்லை.

எங்கள் தடத்தில் வண்டிக்குச் சோறு போடுவது பெண்கள். சந்தையில் ஆடு விற்று, மாவும் சர்க்கரையும் தேயிலையும் மூட்டை கட்டிக்கொண்டு திரும்புகிறவர்கள் அவர்கள். அவர்கள் லெதிவாவின் வண்டியைப் பார்ப்பார்கள், மேலாடையை இழுத்து விட்டுக்கொள்வார்கள், பிறகு கதவைக் கயிற்றால் கட்டிய ஏதோ ஒரு தகர டப்பாவில் போய் நசுங்கி உட்காருவார்கள்.

"அத்தே, இங்க இடம் இருக்கே!"

"என் தங்கச்சி வரணும் மருமகனே. நீங்க போங்க."

தங்கச்சி வருவாள். இருவரும் டப்பாவில் ஏறுவார்கள்.

லெதிவாவுக்குத் தலை வெடித்தது. டீசல் வாடையோ என்று கதவு ரப்பர் மாற்றினான். இருக்கைக்குப் பஞ்சு வைத்தான். பாட்டுப் பெட்டி மாட்டினான். கட்டணத்தைக் குறைத்தான். சத்தமோ என்று சைலன்சரை மாற்றினான். ஒரு வாரம் ஒன்றைக் கழற்றுவான், மறுவாரம் ஒன்றை மாட்டுவான். வானத்தில் மேகம் கட்ட ஆரம்பித்தது. ஒரு கப் சாயைக்கூட உட்கார்ந்து குடிக்க முடியவில்லை. கப்பைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

அந்த நேரம் பார்த்து மாட்டு வியாபாரி ஹலாக்கே வந்து சேர்ந்தான். மார்சபிட் பக்கத்து போரானா இனத்து ஆள். வண்டியைப் பார்த்ததும் அவன் கண் மின்னியது. லெதிவாவிடம் பேசவே இல்லை. நேராக நெமயானிடம் போனான்.

"அக்கா, உங்க ஒன்பது மாட்டையும் வாங்கினது யாருன்னு தெரியுமா? நான்தான். ஏழு எங்கிட்டயே இருக்கு. வண்டியக் குடுத்தீங்கன்னா ரெண்டு வேற மாடு சேத்து ஒன்பதாத் தர்றேன். வர்ற வெள்ளிக்கிழமை ஓட்டிட்டு வரட்டா?"

நெமயான் அந்த ஏழின் பெயரையும் கேட்டாள். ஹலாக்கே அடையாளம் சொன்னான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஓட்டிட்டு வா" என்றாள்.

லெதிவா அன்று ராத்திரி முழுக்கப் புரண்டான். செவ்வாய்க்கிழமை காலையில் பார்சலோயிலிருந்து நடந்தே வந்த ஒருவன் சேதி சொன்னான். நெமயானின் தாய்க்கு மூச்சு விட முடியவில்லை. ஆண்கள் எல்லாம் மாட்டோடு தூரத்து மேய்ச்சலில் இருக்கிறார்கள். வீட்டில் நிறைமாத மருமகள் ஒருத்திதான்.

"வண்டிய எடுங்க" என்றாள் நெமயான்.

தூக்கிய பிறகு அவள் அந்த வண்டியில் ஏறுவது அதுவே முதல் தடவை. ஒரு காலை வைத்தாள், எட்டவில்லை. துணியை முழங்காலுக்குமேல் சுருட்டிப் பிடித்து, கதவில் தொங்கி, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, கடைசியில் லெதிவா கையைப் பிடித்துத் தூக்கித்தான் உள்ளே வந்து விழுந்தாள். முட்டியில் ரத்தத்தைத் துடைத்தாள். அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஓபிரோய் இறக்கம் தொடங்கும் இடத்தில் கேட்டாள்.

"நூரியே வண்டில பொம்பளைங்கள யாரு கை குடுத்து ஏத்திவிட்டா?"

"கண்டக்டரு. லொகுவாம்."

"அவன் துர்க்கானா, நம்ம சனம் இல்ல. அவனுக்கு நாங்க அத்தையும் இல்ல, மகளும் இல்ல. இப்ப யாரு கை குடுக்கறா?"

கண்டக்டருக்கு எதற்குத் தண்டச் சம்பளம் என்று லெதிவாதான் ஆள் வைக்கவில்லை. பெண்டாட்டியின் குலத்துப் பெரிய பெண்கள் அத்தனை பேரும் அவனுக்கு மாமியார் முறை. தன்னோடு ஒரே பருவத்தில் சடங்கு முடித்த வயதுக்கூட்டத்து ஆண்களின் மகள்கள் அத்தனை பேரும் மகள் முறை. அவர்கள் விரலைக்கூட அவன் தொடக்கூடாது. அவன் கண்முன்னே துணியைச் சுருட்டிக்கொண்டு ஏறுவதைவிட அவர்கள் பார்சலோய்க்கு நடந்தே போவார்கள். இதை எந்தப் பெண் அவனிடம் வந்து சொல்லுவாள்? முறை தெரிந்தவன், தடம் தெரிந்தவன், கல்லையே பார்த்துக்கொண்டிருந்து ஆட்களை மறந்துவிட்டான். வெட்கம் காதுவரை ஏறியது. "நான் ஒரு முட்டாப்பய" என்றான் வாய்விட்டு. நெமயான் மறுக்கவில்லை.

மாமியார் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது வடக்கு மலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. கிழவி நெஞ்சு ஏறி இறங்க, சுவரைப் பிடித்து வெளியே வந்தாள். மருமகனைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுத் திரும்பி நின்றாள். வண்டியின் பின்தளம் அவள் மார்பளவு உயரம். நெமயானும் நிறைமாதக்காரியும் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள். நடக்கவில்லை.

"அம்மா, உசிரு போகுது. அவரு கண்ண மூடிக்கிட்டுத் தூக்கட்டும்" என்று அழுதாள் நெமயான்.

"மருமகன் கையில மூட்டையா ஏறி, அப்புறம் பொழச்சு என்ன பண்ணப் போறேன்?" கிழவி குடிசைப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

லெதிவா சுற்றுமுற்றும் பார்த்தான். மண்ணைக் குவித்து மேடு கட்ட நேரமில்லை. வீட்டுக்குக் கீழே ஐம்பது அடியில் காட்டாறு. தண்ணீர் இல்லாத மணல் ஆறு, செங்குத்தான கரை. அந்தக் கரையின் உயரத்தைக் கண்ணால் அளந்தான்.

"நெமயான், அவங்கள கரைக்குக் கூட்டிட்டு வா. மலைப் பக்கம் பாத்துக்கிட்டே இரு. சத்தம் கேட்டா கத்து."

மழைக்காலத்தில் காட்டாற்றுக்குள் வண்டியை இறக்குகிறவனை எங்கள் ஊரில் பைத்தியம் என்பார்கள். மேலே மழை பெய்தால் போதும், கீழே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு வரும். மூச்சுக்குழாய் நெற்றிவரை இருந்தாலும் புரட்டிப் போட்டுவிடும். லெதிவா மேல்வாட்டத்தில் கரை சரிந்திருந்த இடத்தில் இறங்கினான். நாலு டயரிலும் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டான். சின்ன கியர் போட்டு, எல்லாச் சக்கரமும் சேர்ந்தே சுழல டிஃப் லாக்கையும் பூட்டினான். மணல் விழுங்கப் பார்த்தது. எங்கும் நிற்காமல், எங்கும் விரட்டாமல், கரையை ஒட்டி வந்து, பின்னால் எடுத்தான். ஒரு தடவை. கோணல். முன்னால் போய் இன்னொரு தடவை. பின்பம்பர் கரை மண்ணைத் தொட்டு நின்றது. தளமும் கரையும் ஒரே மட்டம்.

இறங்கவில்லை. திரும்பவில்லை. கையை நீட்டி உள்கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டான்.

பின்னால் காலடி கேட்டது. ஒன்று. நெடிய மூச்சு. இன்னொன்று. மலைப் பக்கமிருந்து யாரோ தகரத்தை இழுத்து வருவதுபோல் ஒரு சத்தம். லெதிவாவின் வலது கால் மிதிக்கத் துடித்தது. மிதித்தால் கிழவி விழுவாள். அந்தக் காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். பிறந்ததிலிருந்து அவன் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்ததில்லை.

"உக்காந்துட்டாங்க, போங்க!" என்று நெமயான் அலறினாள்.

கரையேறி முடித்தபோது பழுப்பு வெள்ளம் அவன் நின்ற மணலை மூடிக்கொண்டு போனது. நெமயான் பின்கண்ணாடி வழியாக அதைப் பார்த்தாள். தன் ஒன்பது மாடும் அங்கே நின்றிருந்தன என்று அவளுக்குத் தெரியும்.

வழியில் கிழவி மகளிடம் மெல்லச் சொன்னாள், முன்னால் கேட்கும்படியாக. "உம் புருஷங்கிட்ட சொல்லு. பசுவுக்குக் கால் நீண்டுட்டா கன்னுக்கு மடி எட்டாது."

லெதிவா ரோட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

மரலால் ஆஸ்பத்திரியில் கிழவிக்கு மூச்சு தெளிந்தது. புதன்கிழமை எகிருவின் பட்டறையில் வண்டியை ஏற்றினார்கள். பழைய ஸ்பிரிங்குகளைத் தேடி எடுத்தார்கள். பின்னால் அகலமாக இரண்டு படிகள், பக்கத்தில் பிடித்து ஏற ஒரு கம்பி, ஆடு ஏறப் பலகை. தன் அருமை ஸ்பிரிங்குகளைக் கழற்றும்போது லெதிவாவுக்கு அழுகை வந்தது. "அழுதுக்கிட்டே அந்த ஸ்பேனர எடுங்கண்ணே" என்றான் எகிரு.

வெள்ளிக்கிழமை காலை. முன்சக்கரம் இரண்டும் இன்னும் மாட்டவில்லை, வண்டி தடித்த மரக்கட்டைகள்மேல் நிற்கிறது. ஹலாக்கே ஒன்பது மாடுகளை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டான்.

நெமயான் போய் மாடுகளுக்கு நடுவே நின்றாள். வெள்ளைக் கறவை ஒன்று அவள் தோளை முகர்ந்தது. அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றாள். லெதிவாவால் பார்க்க முடியவில்லை. வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவள் மாடு, அவள் சொல். காலைப் பிடித்தாலும் நடக்காது.

"என்னக்கா, கால வெட்டிட்டீங்க! பரவால்ல, எடுத்துக்கறேன்" என்றான் ஹலாக்கே.

"உள்ள இருக்கறவங்கள எறக்கிட்டு எடுத்துக்கோ."

ஹலாக்கே பின்கதவுக்கு வந்தான். உள்ளே, புதுப் படியில் தாங்களே ஏறிப் பதினோரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், மடியில் மாவு மூட்டைகளோடு. கீழே மூன்று ஆடுகள்.

"எல்லாரும் எறங்குங்கம்மா. வண்டி கைமாறுது."

"நாங்க பார்சலோய் போறோம்" என்றாள் ஓரத்தில் இருந்த பெரியவள்.

"சக்கரமே இல்லையேம்மா!"

"அவரு மாட்டுவாரு. நீ மாட்ட ஓட்டிக்கிட்டுப் போ. வெயில் ஏறுது."

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. ஹலாக்கே நெமயானைப் பார்த்தான். அவள் வெள்ளை மாட்டின் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு புதுப் படியில் ஒரு கால், இரண்டாவதில் ஒரு கால், கம்பியைப் பிடித்து ஏறிப் போய், பன்னிரண்டாவதாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சீக்கிரம் மாட்டுங்க" என்றாள் வெளியே பார்த்து. "ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க."